படத்திலே கண்டது போலவே!

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறத் தொடங்கியதும், சன்னலோரத்தில் அமர்ந்திருக்கும் புதிய பிரயாணிகளின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். வட்டவளையில் மழை, அட்டனில் குளிர், தலவாக்கலையை நெருங்கும்போது சென் கிளயர் நீர்வீழ்ச்சி, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை. அப்பொழுது அவர்களுள் யாரேனும் ஒருவர் தம்மை அறியாமலே ஒரு வார்த்தை சொல்லுவார்: "அடடா! படத்திலே கண்டது போலவே இருக்கிறதே!"

இந்த வார்த்தையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்ட மாத்திரத்தில் இதில் விசேஷம் எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் சற்று நின்று யோசித்தால் இதன் விசித்திரம் விளங்கும். நம் பாட்டனார் காலத்தில் ஒரு சித்திரத்தைப் புகழ வேண்டுமானால், "நேரில் காண்பது போலவே இருக்கிறது" என்பார்கள். இன்றோ நேரில் காண்பதைப் புகழ வேண்டுமானால், "படத்தில் கண்டது போல இருக்கிறது" என்கிறோம். அளவுகோல் கைமாறிவிட்டது. முன்பு உலகத்தைக் கொண்டு படத்தை அளந்தோம். இப்போது படத்தைக் கொண்டு உலகத்தை அளக்கிறோம்.

மேற்சொன்ன நீர்வீழ்ச்சியின் கதையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக ஆற்று நீரைத் திருப்பியபோது, பார்ப்பவர்களின் பொருட்டு நாளில் குறிப்பிட்ட நேரம் அருவியில் நீர் விடுவதென்று ஏற்பாடாயிற்று. திட்டம் 2012 இல் நிறைவெய்தியது. தன் போக்கில் விழுந்துகொண்டிருந்த அருவிக்கும் நாடகத்தைப் போல நேரம் குறிக்கும் காலம் வந்துவிட்டது.

ஒரு புதிய சொல்

கல்லூரி மாணவர்கள் இக்காலத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் 'பின்நவீனத்துவம்'. தமிழகத்துச் சிற்றிதழ்களில் 1990 ஆம் ஆண்டுகளில் இதைக் குறித்துப் பெரிய வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்தன. சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அதன் ஒரு பகுதியையாவது எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1962 இல் பிம்பம் என்ற பொருளையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளிவர வேண்டும் என்பதற்காகவே நிகழ்ச்சிகள் உண்டாக்கப்படுகின்றன என்பது அவர் அமெரிக்க மக்களுக்கு விடுத்த எச்சரிக்கை. பிரான்சு தேசத்து அறிஞர் லியோத்தார் 1979 இல், மனித குலத்தின் முன்னேற்றத்தைப் பற்றிய பெருங்கதைகள்மீது மக்களுக்கு நம்பிக்கை தளர்ந்துவிட்டதே இக்காலத்தின் குறி என்றார். அவருடைய நாட்டவரான போத்ரியார் 1981 இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரு பொருளைப் பார்த்து எடுத்த பிரதி என்ற நிலை போய், மூலமே இல்லாத பிரதிகள் உலாவுகின்றன; அவையே மெய்யைவிட மெய்யாகத் தோன்றுகின்றன என்பது அவர் கட்சி. 1955 இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கை நகரத்தை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார்.

நம் வீட்டு உதாரணம் ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். கடையில் மாம்பழ மிட்டாய் என்று ஒன்று விற்கிறார்கள். அதன் ருசி எந்த மாமரத்துப் பழத்திலும் இல்லாத ருசி. ஆயினும் அந்த மிட்டாயைத் தின்று பழகிய பட்டணத்துக் குழந்தைக்கு ஒரு நாள் நல்ல மாம்பழத்தைக் கொடுத்தால், "இது மாம்பழம் மாதிரி இல்லையே!" என்று முகத்தைச் சுளிக்கிறது. அந்த அறிஞர்கள் சொன்னது இதைத்தான்.

இந்த மிட்டாய்களை மிகப் பெரிய அளவில் செய்து உலகெங்கும் அனுப்பிய தொழிற்சாலை அமெரிக்காவின் ஹொலிவூட். அதன் அடுப்பில் நம் தேயிலை மலைகளும் வெந்திருக்கின்றன.

இரு நாயகியர், ஒரு பாத்திரம்

1953 ஆம் ஆண்டில் பரமவுண்ட் நிறுவனத்தார் 'யானைப் பாதை' எனப் பொருள்படும் பெயருடைய படத்துக்காக இலங்கைக்கு வந்தார்கள். ஆங்கிலேயத் தேயிலைத் துரை ஒருவரை மணந்து தோட்டத்துப் பங்களாவுக்கு வந்து சேரும் இளம் பெண்ணின் கதை அது. நாயகி விவியன் லீ. துரை வேடத்தில் பீட்டர் பிஞ்ச். இலங்கைக் காட்சிகளை எடுத்த பின்னர் விவியன் லீ கடும் மனநோய்க்கு ஆளானார். அவருக்குப் பதிலாக எலிஸபெத் டெயிலரை அமர்த்தினார்கள். எலிஸபெத் டெயிலர் நடித்ததெல்லாம் ஹொலிவூட்டில். ஆனால் இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகள் சிலவற்றில் விவியன் லீயே இருந்தார். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே 1954 இல் வெளிவந்த அப்படத்தில், தூரத்தில் நடக்கும் பெண் ஒருவர்; அருகில் வந்து முகம் காட்டும் பெண் வேறொருவர். வெளியே இருப்பது இலங்கை மண். உள்ளே இருக்கும் பங்களா அமெரிக்கத் தச்சர்கள் கட்டியது. கொட்டகையில் இருந்தவர்களுக்கோ எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது.

கதையின் முடிவில், தங்கள் பழைய வழித்தடத்தை மறித்துக் கட்டிய பங்களாவை யானைகள் தகர்க்கின்றன. வரலாறு இதற்கு நேர் எதிரானது. மத்திய மலைநாட்டின் யானைகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே துப்பாக்கிக்கு இரையாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைத் தனியொருவராகச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1845 இல் இடி விழுந்து மாண்டார். அவருடைய சமாதி நுவரெலியாவில் இருக்கிறது. யானை பங்களாவை அழித்தது திரையில். யானை அழிந்தது மலையில்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அப்படத்தில் தோட்டத் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கொள்ளை நோயில் மடிகிறார்கள். ஆனால் கதையை நடத்திச் செல்வோர் துரையும் அவர் மனைவியும் அவர்களைச் சுற்றியுள்ள சிலருமே. படம் பிடிக்கப்பட்ட காலத்தில் நாட்டு நிலைமையும் அவ்வாறே இருந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரின் வாக்குரிமையைப் பறித்திருந்தன. 1952 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை. அதை எதிர்த்து இலங்கை இந்தியர் காங்கிரஸ் அதே ஆண்டில் சத்தியாக்கிரகம் செய்தது. அடுத்த ஆண்டு ஹொலிவூட் வந்தது. வாக்காளர் இடாப்பில் இடமில்லாத மக்களுக்குப் படத்தின் பின்னணியில் இடம் கிடைத்தது!

கித்துல்கலைப் பாலம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்கு வரும் பஸ், கினிகத்தேனைக்கு ஏறுமுன் கித்துல்கலையைக் கடக்கிறது. பக்கத்தில் களனி கங்கை. இங்கேதான் டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர், ஹொலிவூட்டின் கொலம்பியா நிறுவனத்துக்காக, 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்துக்கு மரத்தால் ஒரு பெரும் பாலம் கட்டி, அதன்மேல் ஒரு புகையிரதத்தை ஓட்டி, 1957 இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார். அப்படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

கதை நடப்பது தாய்லாந்தில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த இரயில் பாதையைப் பற்றியது. உண்மையான பாலம் இருந்தது மெக்லோங் நதியின்மீது. படம் பிரசித்தி பெற்றபின் உல்லாசப் பிரயாணிகள் தாய்லாந்துக்கு வந்து, "குவாய் நதிப் பாலம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்நாட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? 1960 ஆம் ஆண்டளவில் நதியின் அந்தப் பகுதிக்கே 'குவே யாய்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். இலங்கை ஆற்றங்கரையில் எடுத்த ஒரு படம் தாய்லாந்து ஆற்றின் பெயரை மாற்றியது! போத்ரியார் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஆனால் நாம் அங்கே நின்றுவிட முடியாது. அந்த இரயில் பாதையில் சுமார் 12,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டார்கள். படம் அவர்களுடைய துயரத்தைச் சொல்கிறது. அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகையோ அதைப் போலப் பல மடங்கு. அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஏராளம். 'சயாம் மரண இரயில்' என்று மலேசியத் தமிழர் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். நம் மலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களைப் போலவே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற ஏழைகளும் அவர்கள் பிள்ளைகளுமே அவர்கள். ஏழு பரிசு பெற்ற படத்தில் அவர்களுடைய கதை இல்லை. தோட்டத் தமிழரின் வாசலில் எடுக்கப்பட்ட படம், தோட்டத் தமிழரின் மரணத்தை மறந்துவிட்டது. படத்தைப் பார்த்து வரலாறு கற்கும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது?

இந்தியாவாக நடித்த கண்டி

அமெரிக்க விமரிசகர் பிரெடரிக் ஜேம்சன் 1984 இல் எழுதிய புகழ் பெற்ற கட்டுரையில், பழைய காலத்தின் உண்மையை விட்டுவிட்டு அதன் தோற்றத்தை மாத்திரம் ஒட்டுப்போட்டுக் காட்டும் கலை பெருகிவிட்டதென்றார். அதே 1984 இல்தான் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் இரண்டாவது 'இந்தியானா ஜோன்ஸ்' படம் வெளிவந்தது. 1930 ஆம் ஆண்டுகளின் தொடர்ப் படங்களைப் போலவே செய்யப்பட்ட படம் அது. கதை நடப்பது 1935 ஆம் ஆண்டு இந்தியாவில். கதையைக் கண்ட இந்திய அரசினர் அனுமதி தராததால், 1983 ஏப்ரலில் படக்குழு கண்டிக்கு வந்தது. அந்தானை மலைப்பக்கத்தில் ஓர் இந்தியக் கிராமம் எழுந்தது. விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த மகாவலிப் பள்ளத்தாக்கில் கயிற்றுப் பாலம் ஒன்று தொங்கியது. கிராமத்து முதியவராக நடித்தவர் சிங்களத் திரையுலகில் பேர்பெற்ற டி. ஆர். நாணயக்கார. அந்த இந்தியக் கிராமத்து மக்கள் பேசும் மொழி சிங்களம்! அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களுக்கு எந்த மொழியானால் என்ன?

படக்குழு வந்துபோன சில மாதங்களில், 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்செயல்கள் நாட்டை உலுக்கின. கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மலையக நகரங்களிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த நெருப்புக்குக் காட்சியமைப்பாளர் எவரும் இல்லை. எரிந்த வீட்டுக்குப் பின்னால் வேறொரு வீடும் இல்லை.

பிரதியே மூலமாகிய ஊர்

ஹொலிவூட்டை மாத்திரம் குறை கூறுவது நியாயமன்று. நுவரெலியாவைப் பாருங்கள். வெப்பம் தாளாத ஆங்கிலேயர் தங்கள் தாயகத்தை எண்ணிக் கட்டிய ஊர் அது. செங்கற் தபாற் கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், 1889 இல் தொடங்கிய கொல்ப் கழகம் எல்லாம் இங்கிலாந்தின் பிரதிகள். இன்று 'குட்டி இங்கிலாந்து' என்று விளம்பரம் செய்கிறோம். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1996 முதல் உல்லாச விடுதியாக விளங்குகிறது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது விருந்தினர் உறங்குகிறார்கள். ஒரு கட்டடம் இடிபடாமல் தப்பியது நன்றே. ஆயினும் அதைக் காண வருகிறவர், அடுத்த சரிவிலே இருக்கும் லயத்தையும் ஒருமுறை காண வேண்டாமா?

விளம்பரமும் பழைய கலைதான். 1893 இல் சிக்காகோ நகரத்து உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலைக்கென்று ஒரு கூடம் இருந்தது. 1890 இல் இங்கு தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் தம் பெயரை அமெரிக்காவில் தேயிலைக்கே மறுபெயராக்கினார். 1934 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் பசில் ரைட் 'இலங்கையின் கீதம்' என்ற விவரணப் படத்தை எடுத்தார். கலையழகில் ஈடற்ற படம் அது. 1935 இல் பிரஸல்ஸில் பரிசும் பெற்றது. ஆனால் தேயிலைப் பணத்தில் பிறந்த அப்படத்தில் பெரும்பகுதி புத்த வழிபாட்டுக்கும் கிராம வாழ்வுக்கும் உரியது. கொழுந்து பறிப்போர் வர்த்தகப் பேரொலிக்கு நடுவே வந்து மறைகிறார்கள். தேயிலைப் பெட்டிகளின்மேல் கூடையுடன் புன்னகை செய்யும் பெண்ணோ இன்றும் உலகம் சுற்றுகிறாள். அவளுக்கு வயதாவதில்லை, மழையில் நனைவதில்லை, அட்டை கடிப்பதில்லை.

நாமும் தப்பவில்லை

படத்தின் மாயையில் சிக்கியவர்கள் வெள்ளைக்காரர் மாத்திரமல்லர். கண்டியில் 1917 இல் பிறந்த எம். ஜி. ஆர். திரையில் ஏழைகளின் காவலராகத் தோன்றித் தோன்றி, 1977 இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். ஹொலிவூட் நடிகர் ரொனால்ட் றேகன் 1981 இல் அமெரிக்க ஜனாதிபதியானார். எம். ஜி. ஆர். 1965 இல் இலங்கைக்கு வந்தபோது அவரைக் காணத் திரண்ட கூட்டம், நடிகரைக் காண வந்ததா, அவர் ஏற்ற பாத்திரங்களைக் காண வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? பகலெல்லாம் மலையேறி இறங்கிய மனிதனுக்கு, அநியாயம் தோற்கும் மூன்று மணி நேரம் பெரிய ஆறுதல். அதை நாம் இகழமாட்டோம். ஆனால் ஆறுதல் வேறு, விமோசனம் வேறு என்பதை மறக்கலாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பின்நவீனத்துவ அறிஞர்களுடன் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மூலம் என்று ஒன்று இல்லை, எல்லாம் பிரதியே என்று முடித்துவிட்டால், கொழுந்து நிறுக்கும் தராசும் பிரதிதானா? நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021 இல் அது வர்த்தமானியில் வருமட்டும் காத்திருந்த குடும்பங்களின் பசியும் பிம்பந்தானா? அல்ல. பெட்டியின்மேல் இருக்கும் பெண்ணுக்கு மூலம் உண்டு. அவள் மலையில் நிற்கிறாள். அவளைப் படம் பிடிக்கக் கூட்டமாக வந்தார்கள். அவளைக் கேட்க ஒருவரும் வரவில்லை. மூலம் தொலைந்துபோகவில்லை, தேடப்படவில்லை என்பதே நம் கட்சி.

தேடியவர்களும் உண்டு. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, உலகம் வாசிக்கும் ஆங்கிலத்திலேயே தோட்டத்து மக்களின் வாழ்வை எழுதினார். உழைக்கவே பிறந்தவர்களைப் பற்றிய அவருடைய நூல் 1970 இல் வெளிவந்தது. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் 1975 இல் 'புதிய காற்று' என்ற படத்தைத் தயாரித்துத் தாமே நடித்தார். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து அதற்குத் துணை நின்றது. தமிழகத்தில் ஒரு நடிகர் தலைவரானார். மலையகத்தில் ஒரு தலைவர் நடிகரானார். ஹொலிவூட்டின் பொருட்செலவில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாத அப்படத்தில், தோட்டத்து மக்கள் பின்னணியிலிருந்து முன்னே வந்தார்கள்.

இன்று படக்கருவி எல்லார் கையிலும் வந்துவிட்டது. லயத்துப் பிள்ளை ஒருவன் தன் கைத்தொலைபேசியில் தோட்டத்தைப் படம் பிடித்து நொடியில் உலகுக்கு அனுப்புகிறான். இது பெரும் வாய்ப்பு. இதிலே ஓர் அபாயமும் உண்டு. அவனும் சுற்றுலா விளம்பரத்தின் கண்ணாலேயே தன் மலையைப் பார்க்கப் பழகிவிட்டால், பனிமூட்டமும் பச்சையும் மாத்திரம் படத்தில் விழும். ஒழுகும் தகரக் கூரையும், பாட்டியின் தழும்பேறிய விரல்களும், தப்படித்துக் காமன் கூத்தாடும் இரவும் விழமாட்டா. கருவி நம் கைக்கு வந்தால் போதாது. கண்ணும் நம்முடையதாக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். அடுத்த முறை மலைநாட்டைக் காட்டும் படம் எதையேனும் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை எடுத்தவர் யார்? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இதில் பேசாமல் நிற்பவர் யார்? பிறகு வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அந்தப் பேசாதவரின் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய்' என்று நம் முன்னோர் சொன்னபோது ஹொலிவூட்டும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. விசாரிக்க வேண்டிய கடமை மாத்திரம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அப்படி விசாரித்துப் பழகிய ஒரு பிள்ளை ஒருநாள் தானே மலையைப் படம் பிடிக்கட்டும். அதைக் காணும் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி, "நேரில் காண்பது போலவே இருக்கிறதே!" என்று சொல்லுவாளாயின், இடம் மாறிய அளவுகோல் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று நாம் மகிழலாம்.